தோட்டத்துச் சாளைக்குக் கைத்துப்பாக்கி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பழக்குவது?

காங்கேயம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எட்டு ஏக்கர் தோட்டத்துக்குள் வீடு. நானும் மனைவியும் மட்டும். கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. துப்பாக்கி உரிமத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன். கைக்கு அடக்கமாக எதை வாங்கலாம்? புதுசை எப்படிப் பழக்குவது?”

2024-இல் பல்லடம் அருகிலும் 2025-இல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதிலிருந்து கொங்குப் பக்கம் இந்தப் பேச்சு அதிகம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. கணவர் சந்தைக்குப் போன நேரத்தில் அவர் துப்பாக்கியை மனைவி எடுத்துவைத்துக்கொள்ள முடியாது. பகலில் சாளையில் தனியாக இருப்பது யார் என்று பார்த்து, அவர் பெயரிலும் மனு போடலாமா என்று யோசிப்பது நல்லது. 2016 விதிகளின்படி துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் வேண்டும். அதைப் பெயருக்கு வாங்கக் கூடாது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அளவுதான். 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், சினிமாவில் பார்த்ததைக் கடையில் கேட்டுப் பயனில்லை. .32-இல் ரிவால்வரும் உண்டு, பிஸ்டலும் உண்டு. பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் உறுத்தாது. ஆனால் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் தோட்டா குழலுக்குள் ஏறும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கு அது பெரிதில்லை. மூட்டுவலிக்காரருக்கு நடுராத்திரியில் அது பெரும்பாடு. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது சுழன்று வரும். பிஸ்டலில் தோட்டா சிக்கினால் அதை எடுத்துவிடத் தெரிந்திருக்க வேண்டும். அறுபதைத் தொட்ட தோட்டக்காரருக்கு ரிவால்வரே தோது.

எடை குறைந்தால் நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கான்பூர் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். பையில் வைத்துத் திரிய அது சௌகரியம். ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். வீட்டிலேயே பூட்டி வைப்பதற்கு 700 கிராம் ரிவால்வர் பாரமே இல்லை, கையிலும் அடங்கி நிற்கும். கடையில் தோட்டா இல்லாததைத் தானே திறந்து பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் இல்லாத சுவர்ப்பக்கம் நீட்டி, விரல் நுனிச் சதையால் விசையை இழுத்துப் பார்க்க வேண்டும். முனை ஆடாமல் பத்து முறை இழுக்க முடிந்தால் அது அந்தக் கைக்கு ஏற்றது. ஆடினால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

இனிப் பழக்குவது. புதுத் துப்பாக்கி துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயோடு வரும். அதைக் குழலின் உள்ளேயும் துடைத்தெடுத்து, துப்பாக்கிக்கான மெல்லிய எண்ணெயை ஒரு துளி இரண்டு துளி விட்டால் போதும். பம்புசெட் கிரீஸ் ஆகவே ஆகாது. புழுதி ஒட்டி இறுகிவிடும். பிஸ்டலானால் இருநூறு தோட்டாவாவது சிக்காமல் சுட்ட பிறகே நம்பலாம் என்பது பொதுவான கணக்கு. இங்கே ஆண்டுக்கு எத்தனை தோட்டா என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கும். அந்தக் கணக்குக் கட்டுப்படியாகாது. ரிவால்வரைச் சொல்ல இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு அறையிலும் ஒன்றிரண்டு முறை சுட்டுப் பார்த்தாலே அதன் குணம் தெரிந்துவிடும்.

சுடுவது ரைபிள் கிளப் போன்ற அனுமதி பெற்ற இடத்தில் மட்டும். தென்னை மரத்தைக் குறிவைத்துத் தோட்டத்தில் சோதித்துப் பார்ப்பது குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்தாகக் கவனமின்றிச் சுட்டால் 2 ஆண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சுடும்போது தோட்டா வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. இலக்கை நோக்கியே பிடித்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

உண்மையில் பழக வேண்டியது இரும்பு அல்ல, கை. அதற்குப் போலித் தோட்டாவே போதும். அசல் தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலியா என்று இருமுறை பார்த்து, முனைமேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். தினம் பத்து நிமிடம், ஒரு மாதம். இதைச் செய்ய மனமில்லாதவர் உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொண்டு நாலு விளக்குகள் போடலாம்.

தேங்காய் திருடி ஓடுபவனைச் சுடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால்தான் தற்காப்பு என்பது நிற்கும். முதுகைக் காட்டி ஓடுபவன்மேல் அது நிற்காது. காட்டுப்பன்றிக்கும் இந்தத் துப்பாக்கி உதவாது. பன்றியைத் தானாகச் சுட வனச் சட்டத்தில் இடமில்லை, .32 தோட்டா அதைக் காயப்படுத்தித்தான் அனுப்பும். காயம்பட்ட பன்றி அடுத்து வருகிற ஆள்மேல் பாயும்.

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி இல்லாமல் துப்பாக்கி நுழையவே கூடாது. சாவி இடுப்பில் இருக்கட்டும், தலையணைக்கடியில் வேண்டாம். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திரும்ப வரும். அந்த வாரங்களில் சாளையில் இருக்கப்போவது நாயும், வாசல் விளக்கும், பக்கத்துத் தோட்டத்தாரின் செல்போன் எண்ணும்தான். அவற்றை இந்த மாதமே சரிசெய்யலாம், அதற்கு உரிமம் தேவையில்லை.