ஊசிக்குக் குளிர் வேண்டும், கிளினிக் நாளுக்குப் பேர் வேண்டும்



கொழுந்து பறிக்கும் கை காலையில் மடங்க மறுத்தால் நாம் அதைக் குளிர் என்கிறோம், வாயு என்கிறோம், வயது போய்விட்டது என்கிறோம். தைலத்தைத் தடவிக்கொண்டு பிரட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, எழுந்து ஒரு மணி நேரமாகியும் விறைப்பு விடாமல், வாரக்கணக்கில் அது நீடித்தால் அதை வேலைக் களைப்பு என்று விட்டுவிடக்கூடாது. அது ருமற்றொயிட் மூட்டுவாதமாக இருக்கலாம். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோய் அது. ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே இது நம் சங்கத்தின் விடயம்.

இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. முதலில் மாத்திரை. மெத்தோட்ரெக்சேற் என்ற மாத்திரையே பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுப்பது. நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரைக்கு நோய் அடங்காதவர்களுக்கு வைத்தியர் உயிரியல் மருந்து எனப்படும் ஊசியைத் தீர்மானிக்கலாம். எட்டனர்செப்ட், இன்பிளிக்சிமாப், அடலிமுமாப், ரிட்டுக்சிமாப் என்பவை அவற்றில் சில. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும், குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய்க்கும் இவற்றுள் சில பயன்படுகின்றன. சரியாகப் பயன்படுத்தினால் முடங்கிய கை மறுபடி வேலை செய்யும். தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து.

அந்தத் தவறு யாருடையது என்பதே நாம் இங்கே கேட்கும் கேள்வி.

பாடசாலை விடுமுறையில் அளவெட்டிக்கு வந்திருக்கிறோம். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் நம் குடும்பங்களைச் சந்திக்கிறோம். இங்கே தோட்டம் என்றால் தேயிலை இல்லை, வெங்காயமும் மரக்கறியும். அப்படியொரு வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் மகளோடு தங்கியிருக்கிறார், இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஓர் அக்கா. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் அடலிமுமாப் போட்டுக்கொள்கிறார். அவர் சொன்ன ஒரு கணக்கு நம்மை உட்காரவைத்துவிட்டது. மேலே இருந்தபோது ஊர் குளிர். ஆனால் கிளினிக்குக்குப் போக விடியுமுன் புறப்பட்டு இரண்டு பஸ் மாறவேண்டும், அன்றைய பேரும் போய்விடும். இங்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை சில கிலோமீற்றரில், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் பஸ் இருக்கிறது. ஆனால் வெயில் மருந்தைக் கெடுத்துவிடும். ஒரே ஊசி, ஒரே ஆள். இடம் மாறினால் ஆபத்தும் மாறுகிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளோ இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். வீட்டில் பிரிஜ் இருக்கிறது, வைத்தியர் பக்கத்தில் இருக்கிறார், லீவு எடுத்தால் சம்பளம் குறையாது என்று எண்ணி எழுதப்பட்ட தாள் அது.

நாம் வைத்தியரல்ல, படிப்பிப்பவர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலவே சொல்கிறோம். முட்டையின் வெள்ளைக்கரு ஒரு புரதம். சூடு பட்டால் வெளுத்து இறுகும். பிறகு ஆறவைத்தாலும் பழையபடி ஆகாது. இந்த மருந்தும் புரதம். விழுங்கினால் வயிறு சோற்றைப் போலச் செரித்துவிடும், அதனால்தான் ஊசி. சூடு பட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கெட்ட பிறகும் பார்வைக்குத் தெளிந்த தண்ணீராகவே இருக்கக்கூடும். அதனால்தான் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். ஐஸ் கட்டும் தட்டில் வைக்கக்கூடாது. பிரிஜின் கதவிலும் வேண்டாம்; நடுத்தட்டில், பெட்டியோடு, வெளிச்சம் படாமல் இருக்கட்டும். அசல் அடலிமுமாப் ஊசியை 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் 14 நாள் வரை வெளியே வைக்கலாம். மற்றக் கம்பனிகளின் ஊசிக்கு அந்தக் கணக்கு வேறுபடும். உங்கள் பெட்டிக்குரிய கணக்கைக் கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அளவெட்டியில் கூரைக்குள்ளேயே பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். இங்கே அந்தச் சலுகையை நம்பவே முடியாது.

யுத்த காலத்தில் மின்சாரம் இல்லாதபோது இன்சுலினை ஈர மணல் பானைக்குள் வைத்துக் காத்ததை இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல உபாயம்தான். ஆனால் பானையின் குளிர் 8 பாகைக்கு இறங்காது. இந்த ஊசியைச் சேமித்து வைக்க அது போதாது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கவேண்டாம். மின்சாரம் நின்றால் பிரிஜைத் திறக்காதீர்கள். நெடுநேரம் நின்றிருந்தால், எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொண்டு கிளினிக்கில் கேட்ட பிறகே ஊசியைப் போடுங்கள். கிளினிக்கிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பொதியோடு குளிர்ப்பெட்டியில் கொண்டுவாருங்கள். ஐஸ் நேரே ஊசியில் ஒட்டக்கூடாது.

அடுத்தது காசநோய். இதை ஊன்றிப் படியுங்கள். காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும். உடம்பு அதைச் சுற்றி மதில் கட்டி அடைத்துவைத்திருக்கும். மூட்டை வீங்கவைக்கும் டி.என்.எப். என்ற பொருள்தான் அந்த மதிலையும் நிறுத்திவைக்கிறது. எட்டனர்செப்ட், இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவை அந்தப் பொருளையே அடக்குகின்றன. வீக்கம் வற்றும், மதிலும் தளரும். இன்பிளிக்சிமாப் ஏற்றியவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் பிறகே ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை என்பது உலகெங்கும் நடைமுறையானது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்துறங்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஒருவர் இருமினால் எல்லோரும் மூச்சில் வாங்கும் வீடு அது. எனவே ஊசி தொடங்குமுன் மார்பு எக்ஸ்ரேயும், தோலில் போட்டுப் பார்க்கும் மாண்டோ பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்தார்களா, ஹெபடைட்டிஸ் பி பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தூங்கும் கிருமி இருந்தால் அதற்கு முதலில் மருந்து தருவார்கள், பிறகே ஊசி. ஊசி தொடங்கிய பின் இரண்டு வாரம் விடாத இருமல், இராக்காய்ச்சல், மெலிவு இருந்தால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். அரச பரிசோதனை இலவசம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்:

காய்ச்சல், சீழ்ப்புண், கவ்வாத்துக் கத்தி வெட்டிய ஆழமான காயம் இருக்கும் நாளில் ஊசியைத் தானாகப் போடவேண்டாம். முதலில் கிளினிக்கைக் கேளுங்கள்.

போடுமுன் பிரிஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் வையுங்கள். சுடுதண்ணீரில் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். மருந்து கலங்கியிருந்தால், நிறம் மாறியிருந்தால், துகள் மிதந்தால் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.

வயிற்றிலோ தொடையிலோ, ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் போடுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விடுங்கள். கன்றிய இடம், சிவந்த இடம் வேண்டாம்.

முகம், நாக்கு வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே வைத்தியசாலை. காத்திருக்கவேண்டாம்.

ஒரு முறை தவறினால் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடக்கூடாது. வலி குறைந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. மிஞ்சிய ஊசியைப் பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குக் கொடுப்பது உதவி அல்ல, அபாயம்.

கர்ப்பமானால், கர்ப்பமாக நினைத்தால் வைத்தியருக்கும் குடும்ப நல மருத்துவ மாதுவுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். நம் நாட்டில் பிறந்த பிள்ளைக்கு வைத்தியசாலையை விட்டு வருமுன்பே பி.சி.ஜி. போடுவார்கள். அது உயிருள்ள கிருமியில் செய்த தடுப்பூசி. தாய் இந்த ஊசி போட்டிருந்தால் பிள்ளைக்கு அதை எப்போது போடுவது என்பதை வைத்தியர்தான் முடிவு செய்யவேண்டும்.

போட்ட ஊசியைக் கானில், குப்பைக் குழியில், கொழுந்து மலையில் எறியாதீர்கள். மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்து, கிளினிக்கில் ஒப்படையுங்கள்.

இத்தனையும் தொழிலாளி செய்யலாம், செய்யவேண்டும். ஆனால் பிரிஜ் இல்லாத காம்பராவில் 8 பாகையை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? கிளினிக் நாளில் பேர் விழாவிட்டால் எத்தனை முறை போவார்? 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மருந்து இலவசமாகவே கிடைத்தாலும், ஒரு கிளினிக் பயணம் அந்த ஒரு நாளையும் பஸ் காசையும் விழுங்குகிறது. அதனால்தான் நம் பெண்கள் இரண்டு கிளினிக்குக்கு ஒன்றுதான் போகிறார்கள். அதைக் கவலையீனம் என்று கொப்பியில் எழுதுபவர்களுக்கு நாம் சொல்வது: அது கவலையீனம் அல்ல, கணக்கு.

மருந்தின் தரமும் தொழிலாளியின் கையில் இல்லை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் வந்ததை நாடே அறியும். ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்ட பிறகே விடயம் வெளிவந்தது. அதே கொள்வனவு விவகாரத்தில் நாம் மேலே சொன்ன ரிட்டுக்சிமாபும் பேசப்பட்டது. 2024 பெப்ரவரி 2ஆம் திகதி முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைது செய்யப்பட்டார். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. நமக்குரிய பாடம் இது: ஊசிக்குப் பின் ஏதும் வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே சொல்லவேண்டும், பெட்டியின் தொகுதி இலக்கத்தைக் குறித்துவைக்கவேண்டும். அந்த இலக்கம் இருந்தால்தான் கெட்ட மருந்தைத் தேடிப் பிடிக்கலாம்.

மருந்து வியாபாரப் பண்டமல்ல, மக்களின் உரிமை என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். நல்ல மருந்தைக் குறைந்த விலைக்கு மொத்தமாக அரசு வாங்கமுடியும் என்று காட்டினார். அந்த வழி இன்றைக்கும் மூடப்படவில்லை. அடலிமுமாபுக்கு இணையான மருந்தை 2014 டிசம்பரில் இந்தியக் கம்பனியொன்று அசலின் விலையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்குக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலை குறைந்தால் மட்டும் போதாது, தரம் சோதித்து வாங்கவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதே பிபிலேயின் வழி.

“சம்பளமே ஒழுங்காக இல்லை, இதில் சிலருக்கு மட்டும் உள்ள ஊசிக்குச் சங்கம் போராடுவதா?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் கேட்பது அந்தச் சிலருக்கு மட்டும் அல்ல. தோட்ட மருந்தகத்தில் மின்வெட்டுக்கும் தாங்கும் ஒரு பிரிஜ் வந்தால் அதில் சீனி நோயாளியின் இன்சுலினும் இருக்கும். கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கிடைத்தால் அது இருதய நோயாளிக்கும் கர்ப்பிணித் தாய்க்கும் சேரும். வேலை செய்து தேய்ந்த உடம்பைக் காப்பதும் சம்பளப் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் வெப்பமானியோடு கூடிய பிரிஜும் அதற்கு மாற்று மின்சாரமும். கிளினிக் கொப்பியைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர். லயங்களில் வருடாந்தக் காசநோய்ப் பரிசோதனை. தோட்ட மருந்தகத்திலேயே பாவித்த ஊசிகளை வாங்கும் பெட்டி.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிரிவில் குளிரில் வைக்கவேண்டிய மருந்து எத்தனை வீட்டில் இருக்கிறது, அதில் எத்தனை வீட்டில் பிரிஜ் இருக்கிறது என்று எண்ணுங்கள். யாருக்கு என்ன நோய் என்று எழுதவேண்டாம். அது அவரவர் சொந்த விடயம். இரண்டு இலக்கங்களை மட்டும் தலைவியிடம் கொடுங்கள். அந்த இலக்கங்களோடுதான் துரையின் மேசைக்குப் போகப்போகிறோம்.