படம் பிரம்மாண்டம்... வசூல் ஏன் பரிதாபம்?

முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் கிடைக்காமல் அலைந்திருப்பீர்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே படத்துக்குப் போனால் அரங்கில் நீங்களும் உங்கள் நண்பரும் மட்டும்! போஸ்டரில் என்னவோ "100 கோடி வசூல்". அப்புறம் எப்படி நஷ்டம்?

வசூல் வேறு, லாபம் வேறு.

சிங்கப்பூரில் ஒரு டிக்கெட் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் பொருள் சேவை வரி மட்டும் 1 வெள்ளி 24 காசு. மீதியில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்கு. இங்குள்ள விநியோகஸ்தரின் பங்கு, விளம்பரச் செலவு... எல்லாம் கழித்தால் சென்னையில் இருக்கும் தயாரிப்பாளருக்கு மிஞ்சுவது சில வெள்ளிதான். பல நேரம் வெளிநாட்டு உரிமையை அவர் முன்பே மொத்தமாக விற்றிருப்பார். அப்போது படம் படுத்தால் அடி விழுவது இங்குள்ள விநியோகஸ்தருக்கு!

ஆக, திரையரங்குகளை மட்டும் நம்பினால், 200 கோடியில் எடுத்த படம் போட்ட காசை எடுக்கவே 400 கோடிக்கும் மேல் வசூலிக்கவேண்டும்.

வட்டி தூங்காது

'இந்தியன் 2' படப்பிடிப்பு தொடங்கியது ஜனவரி 2019. படம் வந்தது ஜூலை 2024. இடையில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் விழுந்து மூவர் மாண்டனர். பிறகு கிருமிப்பரவல். கடன் வாங்கி எடுக்கும் படத்தில் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் செலவுதான். அந்தப் பணம் திரையில் தெரியாது.

நட்சத்திரச் சம்பளமும் அப்படியே. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெரும்பாலும் அது மாறாது.

இடைவேளையிலேயே தீர்ப்பு

முன்பு படம் எப்படி என்று தெரிய ஒரு வாரம் ஆகும். இப்போ இடைவேளைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது சத்தம் காதைப் பிளக்கிறது என்ற புகார்தான் முதலில் பரவியது. ஒலியைக் குறைத்தார்கள், காட்சிகளை வெட்டினார்கள். பயனில்லை. அதன்பின், திரையரங்கு வளாகத்தில் யூடியூபர்கள் விமர்சனம் எடுப்பதைத் தடுக்கவேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குரல் கொடுத்தனர். சரி, உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை யார் தடுப்பது?

'தக் லைஃப்' 2025 ஜூன் 5ஆம் தேதி திரைக்கு வந்தது. நான்கே வாரத்தில் நெட்ஃபிளிக்ஸில்! நால்வர் உள்ள குடும்பம் 60 வெள்ளி கொடுத்துப் போகுமா, காத்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

நமக்கு என்ன?

மெக்கென்ஸி சாலை ரெக்ஸ் திரையரங்கில் தமிழ்ப் படம் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். 2025 செப்டம்பரில் கேத்தே சினிபிளெக்ஸ் அரங்குகளும் மூடப்பட்டன. திரைகள் குறையும்போது பெரிய படத்துக்கு முதலில் இடம் கிடைக்கும். சின்னப் படத்துக்குக் காலை 11 மணிக் காட்சியோ நள்ளிரவுக் காட்சியோதான்.

2025 மே 1ஆம் தேதி சூர்யாவின் 'ரெட்ரோ'வும் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவது, புதுமுக இயக்குநரின் சின்னப் படம். இலங்கையிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் கூடியது. ஆனால் அப்படிச் சொல்லிப் பரவ இரண்டு வாரமாவது வேண்டும். அடுத்த முறை அதுபோல் ஒரு படம் வந்தால் முதல் வாரமே போய்விடுங்கள். இரண்டாம் வாரம் அது இங்கு அரங்கில் இருக்கும் என்று சொல்ல முடியாது.