வாடிக்கையாளர் வேறு, பங்குதாரர் வேறு!

‘தெரிஞ்ச துறையில பணம் போடுங்க’ என்று சொல்லிச் சொல்லியே நம் ஆட்களைக் கெடுத்துவிட்டார்கள். அறிவுரையில் குற்றமில்லை. ‘தெரிஞ்ச’ என்பதை நாம் புரிந்துகொண்ட விதத்தில்தான் கோளாறு. ‘தினமும் அந்த பேஸ்ட்லதான் சார் பல் தேய்க்கிறேன், அந்தக் கம்பெனி எனக்குத் தெரியாதா?’ என்கிறார்கள். தெரியாது சார். உங்களுக்குத் தெரிந்தது பேஸ்ட்டின் ருசி!

2021 நவம்பரில் பேடிஎம் பங்கு வெளியீடு வந்தது. 18,300 கோடி ரூபாய். அதுவரை இந்தியா பார்த்ததிலேயே பெரியது. ‘டீக்கடையிலகூட இதுலதான் காசு கொடுக்கிறேன், இது ஜெயிக்காம எது ஜெயிக்கும்?’ என்று பாய்ந்தார்கள். ஒரு பங்கு 2,150 ரூபாய். சந்தைக்கு வந்த முதல் நாளே 27 சதவிகிதம் காலி.

அவர்கள் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான். நான் கொடுக்கிற டீ காசில் இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு போகுது? யூ.பி.ஐ-யில் பணம் வாங்கும் கடைக்காரரிடம் அதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலேயே விதி வந்துவிட்டது. 2020-21-ல் கம்பெனிக்கு நஷ்டம் சுமார் 1,700 கோடி. இதெல்லாம் ரகசியமா என்ன? வெளியீட்டு ஆவணத்திலேயே நஷ்டக் கணக்கு இருந்தது. யார் படித்தார்கள்?

அடுத்த ஆறு மாதத்தில் எல்.ஐ.சி. ‘மூணு பாலிசி வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாததா?’ என்றவர்களுக்கு 949 ரூபாயில் 60 ரூபாய் தள்ளுபடி வேறு. 2022 மே மாதம், முதல் நாள் வர்த்தகம் அந்தத் தள்ளுபடி விலைக்கும் கீழே முடிந்தது. பிரீமியம் கட்டும் தேதி தெரிந்தால் இன்ஷூரன்ஸ் தொழில் தெரிந்துவிடுமா?

உங்களுக்கு நிஜமாகவே தெரிந்தது ஒன்று இருக்கிறது. உங்கள் பிழைப்பு! எந்தக் கம்பெனி மாத்திரை விற்காமல் காலாவதியாகித் திரும்பப் போகிறது என்பது மெடிக்கல் ஷாப்காரருக்குத் தெரியும். நூல் விலை ஏறினால் யார் லாபம் முதலில் அடிவாங்கும் என்பது திருப்பூர் பனியன்காரருக்கு, பேப்பரில் வருவதற்கு முன்பே தெரியும். இருபது வருஷம் கடையிலும் பட்டறையிலும் நின்று சேர்த்த அறிவு. ஆனால், மச்சான் பேச்சைக் கேட்டு பனியன்காரர் மருந்துக் கம்பெனிப் பங்கை வாங்குகிறார். மெடிக்கல்காரர் ஜவுளிப் பங்கை வாங்குகிறார். ரெண்டு பேரும் சேர்ந்து சந்தையைத் திட்டுகிறார்கள்.

அதற்காக, வேலை பார்க்கும் கம்பெனியிலேயே மொத்தத்தையும் கொட்டாதீர்கள். 2009 ஜனவரியில் சத்யம் கணக்கு மோசடி வெளியே வந்தபோது, உள்ளே உட்கார்ந்து நேர்மையாக உழைத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கே அது புது செய்தி. சம்பளத்துக்கும் பங்குக்கும் ஒரே நாளில் ஆபத்து!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டீமேட் ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். ஒவ்வொரு கம்பெனிப் பெயருக்கும் பக்கத்தில், ‘இவங்களுக்கு யார், எதுக்காகக் காசு கொடுக்கிறாங்க? அதுல இவங்களுக்கு மிஞ்சுறது எது?’ என்று ரெண்டே வரி எழுதிப் பாருங்கள். எழுத வராத பெயர்களில் கிடப்பது எவ்வளவு? அதில் மகள் படிப்புக்கு என்று எடுத்து வைத்த பணம் எவ்வளவு?