அதான் புகையிலை இல்லையே மச்சி!

பானிபூரியை எப்படி சாப்பிடணும்? முழுசா ஒரே வாயில் போடணும். அதான் அதுக்கு மரியாதை. எங்க டீம்ல நம்மாளு ஒருத்தன் அதைப் பிய்ச்சுப் பிய்ச்சு, தண்ணியெல்லாம் சட்டையில் ஒழுக சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். செம ஓட்டு ஓட்டினோம். அதுக்கு முன்னாடியே காரம் பட்டா வாய் எரியுதுன்னு தயிர் சாதத்துக்கு மாறியிருந்தான். அதுக்கும் ஓட்டியிருந்தோம். போன மாசம் பல் டாக்டர்கிட்ட போனான். அவர் மூணு விரலைச் சேர்த்து பல்லுக்கு நடுவுல செங்குத்தா வைக்கச் சொல்லியிருக்கார். ரெண்டுதான் போச்சு. அடுத்த கேள்வி, "பாக்கு போடுவீங்களா?"

நம்மாளுக்கு சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. நைட் ஷிப்ட்ல தூங்காம இருக்க, பெட்டிக்கடையில் சரம் சரமா தொங்குமே அந்த இனிப்புப் பாக்கு, அது மட்டும்தான். நாலு வருஷமா, ஒரு நாளைக்கு பத்து பாக்கெட்டுக்குக் குறையாம. எப்பவாவது கேட்டா தலைப்புல இருக்கிற பதிலைச் சொல்வான். நானும் "சரிதானே" என்று விட்டுடுவேன். அந்த "சரிதானே"வைப் பற்றித்தான் இப்ப புலம்பப் போறேன்.

பாக்கில் அரிக்கோலின் என்று ஒரு ஆல்கலாய்டு இருக்கு. பாக்கு போட்டா எச்சில் ஊறுது, உடம்பு சூடாகி வியர்க்குது, சுறுசுறுப்பா இருக்கு இல்லையா, எல்லாம் அதன் வேலை. (நாய்களுக்கு நாடாப்புழு வெளியேற்ற ஒரு காலத்துல இதைத்தான் மருந்தா கொடுத்தார்கள்.) மூளையில் நிகோடின் போய் உட்காருகிற அதே ரிசெப்டர்களில் சிலவற்றை இதுவும் தட்டி எழுப்புதுன்னு 2015ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆக புகையிலை இல்லாமலே விட முடியாத பழக்கம் ரெடி.

வாய் ஏன் சுருங்குது? அரிக்கோலின் வாய்த் தோலுக்கு அடியில் கொலாஜன் நாரை அதிகமா உற்பத்தி பண்ண வைக்குது. பாக்கில் இருக்கும் செம்பு அந்த நார்களை இறுக்கிப் பின்னுகிற என்சைமைத் தூண்டுது. துவர்ப்பு தருகிற டானின் அந்த நார் கரையாமல் பாத்துக்குது. தோலைப் பதப்படுத்தி செருப்பு தைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே கெமிஸ்ட்ரி, நம்ம கன்னத்துக்குள்ள! இந்த நோயை 1952ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதலில் பதிவு பண்ணினது கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம். எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் உள்ள 66 பேரை 17 வருஷம் தொடர்ந்து பார்த்ததில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவன்கிட்ட இன்னும் சொல்லலை.

நம்ம "சரிதானே"வும் சும்மா வந்துடலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பே 1985ல், புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு புற்றுநோய் வரவைக்கும், சேர்க்காததுக்கு ஆதாரம் போதாதுன்னுதான் சொன்னது. அப்புறம் தைவான் ஆய்வுகள் வந்தன. அங்கே பாக்கோடு புகையிலை சேர்க்கிற வழக்கமே இல்லை, ஆனாலும் வாய்ப் புற்றுநோய் கொட்டிக் கிடந்தது. 2003ல் மறுபடி கூடி, வெறும் பாக்கையும் சேர்த்து முதல் பிரிவில் போட்டுவிட்டார்கள். சிகரெட் இருக்கும் அதே பிரிவு. (பிரிவு என்பது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதற்குத்தான், ஆபத்து ஒரே அளவு என்று அர்த்தம் இல்லை. டெஸ்டிங் டீமில் இருந்தவன், இதைச் சொல்லாம விட்டா கை அரிக்கும்.) அரிக்கோலினை மட்டும் தனியா எடுத்தால் 2020 நிலவரப்படி அது இன்னும் சந்தேக லிஸ்ட்லதான். பாக்குக்குத் தீர்ப்பே வந்தாச்சு. சர்க்கரை நோய், இதய நோயோடும் தொடர்பு இருக்கிறதா தைவான்ல இருந்து ஆய்வுகள் வந்திருக்கு. அதெல்லாம் தொடர்பு வரைக்கும்தான், அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

2003ல் முடிந்த விஷயம் நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக்கு இன்னும் வந்து சேரலை. தமிழ்நாட்டில் 2013ல் குட்காவுக்குத் தடை போட்டபோது சொன்னது புகையிலையும் நிகோடினும் கலந்த பொருள்கள். தியேட்டரில் படத்துக்கு முன்னாடி பயமுறுத்துவதும் புகையிலையைப் பற்றித்தான். கேட்கிற பொதுஜனம் என்ன முடிவுக்கு வரும்? அப்ப இது ஓகே போலன்னுதானே! கல்யாணத்தில் தாம்பூலத் தட்டில் ரெண்டு கொட்டைப் பாக்கு வைப்பதை நான் குறை சொல்லலை, அதை யாரும் மெல்லுவதும் இல்லை. பந்தி முடிஞ்சு வர்ற இடத்துல சீரகமிட்டாய் மாதிரி கலர் பேப்பரில் இனிப்புப் பாக்கு கொட்டி வெச்சிருக்காங்களே, ஆறு வயசுப் பொடிசு கைநிறைய அள்ளிட்டு ஓடுதே, "ஜீரணத்துக்கு நல்லதுடா கண்ணா" என்று தாத்தா வேற எடுத்துக் கொடுக்கிறாரே, அதைத்தான் சொல்றேன்.

நம்மாளு பாக்கை விட்டு அஞ்சு வாரம் ஆச்சு. இறுகின தோல் பழையபடி ஆகாதாம், மேலும் மோசமாகாம பார்த்துக்கணுமாம். டாக்டர் ஐஸ் குச்சிகளை அடுக்கி பல்லுக்கு நடுவில் வைத்து தினமும் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கார், முடிந்தால் வாரம் ஒரு குச்சி கூட்டணும். நேத்து லன்ச்சில் போனை நீட்டி போட்டோ காட்டினான். பதினாலு குச்சி. யாரும் ஓட்டலை.