கரும்பும் நம்முடையது, ஆராய்ச்சியும் நம்முடையது. கப்பம் மட்டும் அன்னியனுக்கா?

நெல்லிக்குப்பம் டீக்கடையில் சர்க்கரை ஆலைத் தோழர் ஒருவர் நம்மைப் பிடித்துக் கொண்டார். "மெத்தப் படிச்சவங்க பத்திரிகை படிக்க சர்க்கார் 6,000 கோடி ஒதுக்குச்சாமே, அதைப் பத்தி நாம ஏன் பேசணும்? அரிசி விலையைப் பேசுங்க தோழர்" என்றார். அரிசி விலையைப் பேசாமல் விடமாட்டோம். ஆனால் அந்த 6,000 கோடியும் அரிசி வாங்குகிறவன் மடியிலிருந்துதான் போகிறது. அது போகும் இடம் தெரிய வேண்டாமா?

2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பிரசுரக் கம்பெனிகளின் சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளை 6,300-க்கு மேற்பட்ட சர்க்கார் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் படிக்கலாம் என்பது ஏற்பாடு. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஐந்து கோடிக்கு மேல். வாங்குகிறவர்களில் பெரும்புள்ளிகள் எல்சேவியர், ஸ்பிரிங்கர், வைலி போன்ற அன்னிய ஏகபோகங்கள்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கேளுங்கள். ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார், அதாவது நாம். கட்டுரையை எழுதுகிறவர் அவர். அது சரிதானா என்று படித்துப் பார்த்துத் திருத்துகிறவர்கள் வேறு விஞ்ஞானிகள். அவர்களுக்குக் கம்பெனி காலணா கொடுப்பதில்லை. கடைசியில் கட்டுரையின் உரிமையைக் கம்பெனி தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, அதே விஞ்ஞானியின் கல்லூரிக்கே விலைக்கு விற்கிறது! கரும்பை வெட்டி, வண்டியேற்றி, ஆலை வாசலில் இனாமாக இறக்கி, வயல் பட்டாவையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு சர்க்கரையை மூட்டை விலைக்கு வாங்கி வா என்றால் எந்த விவசாயி ஒப்புவான்? ஆலை முதலாளிகூட இழுத்தடித்தாவது கரும்புக்கு விலை என்று ஒன்று கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

லாபம் எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியதில்லை, அவர்கள் கணக்கே சொல்கிறது. எல்சேவியரின் தாய்க் கம்பெனியான ரெலக்ஸ், 2023-ல் விஞ்ஞான, மருத்துவப் பிரிவில் ஈட்டிய வருமானம் சுமார் 306 கோடி பவுன். லாபம் 116 கோடி பவுனுக்கு மேல். நூற்றுக்கு முப்பத்தெட்டு!

இந்தக் கொள்ளையை எதிர்த்து உலகெங்கும் குரல் எழுந்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியை யாரும் காசில்லாமல் படிக்கும்படி திறந்து விடு என்றார்கள் விஞ்ஞானிகள். முதலாளி என்ன செய்தான்? "திறக்கிறேன், எழுதுகிறவன் பணம் கட்டட்டும்" என்றான். படிப்பவனிடம் வாங்கிய சுங்கத்தை எழுதுபவனிடம் வாங்கத் தொடங்கினான். 'நேச்சர்' பத்திரிகை ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ கேட்பதாக 2020-ல் அறிவித்தது. நம் கிராமத்துப் பள்ளியில் படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளை அந்தப் பணத்துக்கு எங்கே போவான்? நமது சர்க்காரும் இதற்கு உதவி என்று ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்குகிறது. ஆராய்ச்சியாளனுக்கு உதவி என்று பெயர். பணம் போய்ச் சேருவது அதே கல்லாப்பெட்டிக்கு. வாசலிலும் சுங்கம், கொல்லையிலும் சுங்கம்.

"இங்கிலீஷில் எழுதிய விஞ்ஞானக் கட்டுரை கூலிக்காரனுக்கு எதற்கு?" என்று சில கனவான்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நம் கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு. செவ்வழுகல் வந்தால் தோட்டமே நாசம், வெட்டுக்கூலியும் நாசம். அந்த நோயைப் பற்றி 1912-ல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. இந்தியச் சர்க்கரை விஞ்ஞானிகளின் சங்கம் நடத்தும் 'சுகர் டெக்' என்ற பத்திரிகையை வெளியிடுவது யார்? ஸ்பிரிங்கர் கம்பெனி! நம் கரும்பின் நோயைப் பற்றி நம் விஞ்ஞானி எழுதியதையும் அன்னியன் பூட்டைத் தாண்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

நெய்வேலிக்குப் போவோம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தின் தரை பொங்கி உடையாமல் இருக்கும். இது சுரங்கத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஆனால் சுற்றுக் கிராமங்களின் கிணற்றில் என்ன மாற்றம், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று ஆராய்ந்த கட்டுரைகளில் பலவும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் கிடக்கின்றன. கிணறு நம்முடையது, குடித்தவன் நம் பிள்ளை. கட்டுரையைப் படிக்க ஒன்றுக்கு முப்பது, நாற்பது டாலர்! நமக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன? நம் சங்கத்து வக்கீலுக்குத் தெரியும், பள்ளி ஆசிரியருக்குத் தெரியும். நஷ்டஈட்டு வழக்கில் அந்தக் காகிதம் கையிலிருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. "ஒரே நாடு" என்கிற திட்டத்தின் முதல் கட்டத்தில் சங்க ஆபீசுக்கோ ஊர் நூலகத்துக்கோ இடம் வைக்கவில்லை.

பூட்டை உடைத்தவர்களும் உண்டு. கஜக்ஸ்தானத்துப் பெண் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் 'சை-ஹப்' என்ற தளத்தைத் தொடங்கி, கோடிக்கணக்கான கட்டுரைகளை இனாமாகக் கொடுத்தார். எல்சேவியர் உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் 2020 டிசம்பரில் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க உத்தரவாயிற்று.

வேலைநிறுத்தம் என்றால் நமக்குப் புரியும். படித்தவர்களுக்கும் புரியத் தொடங்கியிருக்கிறது. 2015-ல் எல்சேவியரின் 'லிங்குவா' என்ற மொழியியல் பத்திரிகையின் ஆசிரியர் குழு மொத்தமாக ராஜினாமா செய்து வெளியேறி, 'குளோசா' என்று சொந்தப் பத்திரிகை தொடங்கியது. 2023-ல் 'நியூரோஇமேஜ்' ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு மேல் அதே வழியில் நடந்தார்கள். தென் அமெரிக்காவில் பிரேசில் நாடு பொதுப்பணத்தில் 'சியேலோ' என்ற பத்திரிகைத் தொகுப்பைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திறந்தே வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? சர். சி. வி. ராமன் 1934-ல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, எழுதுபவனிடம் கட்டணம் கேட்காமலே பத்திரிகைகளை நடத்தி, இணையத்தில் எல்லோரும் படிக்கக் கொடுத்தது. முடியாது என்று யார் சொன்னது?

சட்டமும் ஏட்டில் இருக்கிறது. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-லும், மத்திய சர்க்காரின் விஞ்ஞானத் துறைகள் 2014-லும், தங்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று விதி எழுதின. எழுதியதை அமல் செய்யும் வேகம் சந்தா கட்டும் வேகத்தில் பாதி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

2027-ல் ஒப்பந்தக் காலம் முடிகிறது. அதற்குள் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு என்று பார்லிமெண்டில் கணக்கு வைக்கட்டும். 150 கோடியை அன்னியன் கல்லாவில் போடாமல், நம் பல்கலைக்கழகங்களின் சொந்தப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கட்டும். நம் மாவட்டத்து மண்ணையும் தண்ணீரையும் பற்றிய ஒவ்வொரு ஆராய்ச்சியின் சுருக்கமும் தமிழில் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரட்டும். டீக்கடைத் தோழர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "செவ்வழுகல் கட்டுரையை முதல்ல வாங்கிப் போடுங்க" என்றார். கோயம்புத்தூருக்கு எழுதிவிட்டோம்.