நிரபராதிகளின் தண்டனை

புத்தி வளர்ச்சியிலோ பேச்சிலோ மற்றக் குழந்தைகளினின்றும் வேறுபட்ட ஒரு குழந்தை பிறந்துவிட்டால், நமது வீடுகளில் உடனே ஒரு கோர்ட்டு கூடிவிடுகிறது. கூண்டில் நிறுத்தப்படுகிறவள் தாய். கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கர்ப்ப காலத்தில் எதைத் தின்றாய், உத்தியோகத்தை ஏன் விடவில்லை என்று மாமியார் முதல் அண்டை வீட்டார் வரை குறுக்கு விசாரணை செய்கிறார்கள். முற்பிறவி வினையென்று ஜோஸியர் சாக்ஷி சொல்லுகிறார். இவற்றினும் கொடியது, அத்தாயே தனக்கு விரோதமாகத் தீர்ப்பெழுதிக்கொண்டு ஆயுள் முழுதும் தண்டனை அனுபவிப்பதாகும். தகப்பனாரையும் இவ்வேதனை விடுவதில்லை. ஆனால் அவர் பெரும்பாலும் மௌனத்திலும் வெளி வேலைகளிலும் ஒளிந்துகொள்ளுகிறார்.

இது பாமர ஜனங்களின் மூடநம்பிக்கை மாத்திரமே என்று நமது நேயர்கள் எண்ணவேண்டாம். மேனாட்டுப் பண்டிதர்களும் இதே அநியாயத்தைச் செய்ததுண்டு. ஆட்டிஸம் என்னும் நிலையை 1943-ல் விரிவாக எழுதி உலகறியச் செய்தவர் அமெரிக்காவிலிருந்த டாக்டர் லியோ கானர். அது பிறவியில் அமைந்ததென்றே அவர் அப்பொழுது கருதினார். ஆயினும் 1949-ல், இக்குழந்தைகள் அன்பின்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டவைபோல் வளர்ந்தன என்ற கருத்துப்பட எழுதினார். அந்த உவமையே தாய்மார்களுக்கு வினையாய் முடிந்தது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967-ல் வெளியிட்ட புஸ்தகத்தில், நாஜிகளின் சிறைமுகாம்களில் தாம் கண்ட கைதிகளின் நிலையோடு இக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். குழந்தை கைதியானால் காவலாளி யார்? தாயே யென்று சொல்லாமலே சொன்னபடியாயிற்று.

இக்குற்றச்சாட்டுக்கு ருசு ஏதுமில்லை யென்று 1964-லேயே எடுத்துக்காட்டியவர் பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் மனோதத்துவ அறிஞர்; அவரே அத்தகைய குழந்தை யொன்றின் தகப்பனார். 1969-ல் கானர் பெற்றோர்களின் சபையொன்றில் எழுந்து, அவர்கள் குற்றமற்றவர்களென்று பகிரங்கமாக விடுதலை கூறினார். 1977-ல் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, பிறவிக் கூறுகளே முக்கிய காரணமென்பதற்குப் பலமான சாக்ஷியாயிற்று. டௌன் நோய்க்குறியோ 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாயிருப்பதால் நேருவதென 1959-லேயே விளங்கிவிட்டது. தாய் கிரகணத்தைப் பார்த்ததற்கும் அதற்கும் யாதொரு ஸம்பந்தமுமில்லை.

இவ்வளவு தெளிவான பின்னரும் வீட்டுக் கோர்ட்டு கலையவில்லை. அதனால் விளையும் நஷ்டம் கண்ணீரோடு நிற்பதில்லை. தன்னைக் குற்றவாளி யென்று நம்பும் தாய், பரிகாரம் என்று எவன் எதைச் சொன்னாலும் பணத்தைக் கொட்டுகிறாள். 1998-ல் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்னும் வைத்தியர் தடுப்பூசியின்மேல் பழி சுமத்தி எழுதிய கட்டுரையை, அதைப் பிரசுரித்த பத்திரிகையே 2010-ல் ரத்து செய்தது. எனினும் ஊசி போடச் சம்மதித்தது தன் பிழையோ வென்று இன்றும் ஏங்கும் பெற்றோர் பலர். பேச்சுப் பயிற்சிக்குச் செலவாகவேண்டிய பொருளும் காலமும் இவ்வாறு பாழாகின்றன.

நிற்க. தடுக்கத்தக்க காரணங்களும் சில உண்டல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்டு. கர்ப்பிணிக்கு அயோடின் குறைவதும் ருபெல்லா நோய் காணுவதும் சிசுவைப் பாதிக்கும். ஆனால் நல்ல உப்பும் தடுப்பூசியும் பிரசவ சிகிச்சையும் கிடைக்கச் செய்வது யாருடைய கடமை? அது ஸமூகத்தின் கடமை, சர்க்காரின் கடமை. இனி வரும் குழந்தைகளைக் காக்கவே அந்த அறிவு. பிறந்த குழந்தையின் தாயைச் சுடுவதற்கன்று.

இவ்விஷயத்தில் நாம் முக்கியமாக வற்புறுத்துவது இதுவே: பழியெல்லாம் தாயின் தலையில் விழும்வரையில், பள்ளிக்கூடத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை நிலைகளை அங்கீகரித்திருக்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத ஊனமுள்ள குழந்தை, 6 முதல் 18 வயது வரை அண்டைப் பள்ளியிலோ தான் விரும்பும் விசேஷப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க அது உரிமை தருகிறது. நமக்குப் பின் இக்குழந்தைக்கு யார் கதி என்று ஏங்கும் பெற்றோருக்கு, 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஜில்லா அளவிலான கமிட்டியின் மூலம் காப்பாளரை நியமிக்க வழி செய்திருக்கிறது. தலைகுனிந்து நிற்பவர் உரிமையைக் கேட்கத் துணிவதில்லை. ஆகவே சட்டம் காகிதத்தில் உறங்குகிறது.

தேச சேவையில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்லுவதாவது: மேடையில் பெண்மையைப் போற்றிவிட்டு, வீட்டில் மனைவி கூண்டில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது நேர்மையன்று. இவள் குற்றவாளியல்லள் என்று கணவன் தன் தாய் தந்தையர் முன்னிலையில் வாய்திறந்து சொல்லவேண்டும். குழந்தையைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டும். பயிற்சிக்கு அழைத்துப்போகும் பொறுப்பில் பாதியை ஏற்கவேண்டும். ஊரிலுள்ள மற்றவர்களோ, அண்டைப் பள்ளி இக்குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுகிறதா வென்று விசாரித்து, மறுத்தால் கிளர்ச்சி செய்யவேண்டும். பெற்றோருக்குக் கடமை உண்டு, குற்றம் இல்லை. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியாத ஸமூகம் நியாயத்தைப்பற்றிப் பேச அருகதையுடையதாகாது.