ஏரிக்கரை எவருக்கு உரியது?

ஒன்ராறியோவின் கோடை மிகக் குறுகியது. மே மாதத்து விக்டோரியா தினத்துடன் களைகட்டத் தொடங்கி, செப்டெம்பர் முதலாம் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துடன் அது ஓய்ந்துவிடுகிறது. இடையில் எஞ்சுபவை பதினைந்து, பதினாறு வார இறுதிகள் மட்டுமே. அவற்றுள் திருமணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், கோயில் தேர்த் திருவிழாக்கள், அரங்கேற்றங்கள் ஆகியவற்றுக்குப் போக மீதமுள்ள நாட்களைத்தான் நம்மவர்கள் ஊர்ச் சங்கங்களினதும் பழைய மாணவர் சங்கங்களினதும் கோடைகால ஒன்றுகூடல்களுக்கு ஒதுக்கிக் கொள்கின்றனர். ஒடியற்கூழும் கொத்துரொட்டியும் கிளித்தட்டும் கயிறிழுத்தலும் இன்றி இவ்வொன்றுகூடல்கள் நிறைவு பெறுவதில்லை. மார்க்கத்தில் உள்ள மில்னே அணைப் பூங்காவுக்குக் கோடையில் சென்றவர்கள் இதனை நன்கறிவர்.

எனினும், அணைக்கட்டுத் தேக்கத்தின் அருகில் அமர்ந்து உண்டு திரும்புவது வேறு. பரந்து விரிந்த ஏரியொன்றின் கரையில் ஒரு நாளைக் கழிப்பது வேறு. ஸ்காபரோவில் நமது கடைகள் வரிசையாக உள்ள மார்க்கம் வீதியில் ஏறி, எங்கும் திரும்பாது வடக்கு நோக்கிச் சென்றால், அவ்வீதியே 48 ஆம் இலக்க நெடுஞ்சாலையாகி நம்மைச் சிம்கோ ஏரியின் தென்கரைப் பகுதிக்குக் கொண்டு சென்றுவிடும். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். புதிதாக எழுந்த குடியிருப்புகள் ஸ்ரவ்வில் பகுதியுடன் குறையத் தொடங்கும். அதன் பின்னர் சோளத் தோட்டங்கள், குதிரைப் பண்ணைகள், வீதியோரத்தில் காய்கறி விற்கும் சிறு கொட்டில்கள் என்று காட்சி மாறும். சட்டன் என்னும் சிற்றூரை அண்மித்ததும் காற்றில் ஏரியின் குளிர்மை தெரியும். நாம் அன்றாடம் பொருட்கள் வாங்கச் செல்லும் வீதியின் மறுமுனையில் இத்தகையதோர் இடம் இருக்கின்றது என்பதைப் பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் அறியாத குடும்பங்கள் பலவற்றை நான் கண்டுள்ளேன்.

சிம்கோ ஏரியின் பரப்பு 700 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். நமக்கு விளங்கும்படி கூறுவதாயின், யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பில் பத்தில் ஏழு பங்கு. மிக ஆழமான இடத்தில் 41 மீற்றர் ஆழமுடையது. 1793 இல் ஆளுநர் ஜோன் கிரேவ்ஸ் சிம்கோ தமது தந்தையின் நினைவாக இப்பெயரை இட்டார். அதற்கு முன்னர் பிரெஞ்சுக்காரர் இதனை மீன்வேலிகளின் ஏரி என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். சிம்கோ ஏரியும் வடக்கேயுள்ள கூச்சிசிங் ஏரியும் சந்திக்கும் ஒடுங்கிய நீர்ப்பகுதியில் முதற்குடி மக்கள் மரக்கம்புகளை நட்டு அமைத்த மீன்வேலிகளே இதற்குக் காரணம். அவற்றின் எச்சங்கள் 4,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை எனக் கணிக்கப்பட்டுள்ளது. நமது யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் களங்கட்டி வலை போடுவோருக்கு அந்த நுட்பத்தை விளக்க வேண்டிய அவசியமே இராது.

தென்கரையிலுள்ள சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்காவில் மணற்கரையும் நிழல் மரங்களும் படகுத்துறையும் உண்டு. அதனை அண்டியுள்ள பழைய கல்தேவாலயத்தின் இடுகாட்டில் கனடாவின் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர் ஸ்ரீபன் லீகொக் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். நாவலாசிரியை மாசோ டி லா ரோஷின் கல்லறையும் அங்கேயே உள்ளது. நீராடிவிட்டுச் சற்றுத் தூரம் நடக்க விரும்புவோருக்கு அமைதியான இடம்.

இவ்வளவு இனிமையான இடத்தைப் பற்றி எழுதும்போது கசப்பான ஒரு விடயத்தையும் எழுதாதிருக்க முடியவில்லை.

கோடை வந்தால் இந்த ஏரிக்கரை ஊர்களில் ஒரு முறைப்பாடு எழுவது வழக்கம். "வெளியூரார்" வந்து குவிகின்றனர், வீதியோரங்களில் வாகனங்களைத் தரிக்கின்றனர், குப்பைகளை வீசுகின்றனர், சத்தமிடுகின்றனர் என்பன அதன் சாரம். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது சில ஏரிக்கரை ஊராட்சிகள் தமது கடற்கரைப் பூங்காக்களின் வாகனத் தரிப்பிடங்களை உள்ளூரார் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தின. நோய்க்காலத்தில் அதற்கொரு நியாயம் இருந்தது. ஆயினும், "வெளியூரார்" என்ற சொல்லுக்குள் சில சமயங்களில் வேறொரு பொருளும் ஒளிந்திருப்பதைக் கண்டும் காணாதிருக்க இயலாது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2007 ஆம் ஆண்டு சாட்சி. அவ்வாண்டு சிம்கோ ஏரியின் தென்கரையிலுள்ள ஜோர்ஜினாவிலும் ஒன்ராறியோவின் வேறு சில இடங்களிலும், தூண்டில் போட வந்த ஆசிய வம்சாவளிக் கனடியர் தாக்கப்பட்டனர். சிலர் பின்னாலிருந்து நீருக்குள் தள்ளிவிடப்பட்டனர். செப்டெம்பர் மாதத்து இரவொன்றில் அங்கு ஏற்பட்ட மோதலின் பின்னர், தப்பிச் சென்றோரின் வாகனம் துரத்தப்பட்டு மரத்தில் மோதியது. அதிலிருந்த இளைஞர் ஒருவர் மூளையில் கடுமையான காயமடைந்தார். துரத்தியவரை 2009 இல் நீதிமன்றம் குற்றவாளியெனக் கண்டது. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு இத்தாக்குதல்கள் பற்றி விசாரணை நடத்தி, 2008 மே மாதம் "அச்சமின்றி மீன்பிடித்தல்" என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கையொன்றை வெளியிட்டது. இத்தாக்குதல்களை வெறும் வாலிபக் குறும்பென்று ஒதுக்கிவிட முடியாது என்பதும், இனப் பாகுபாட்டுக்கு அவற்றில் பங்கிருந்தது என்பதும் அவ்வறிக்கையிற் பதிவாயின.

இத்தகைய வேளைகளில் நம்மவர் சிலர் கூறும் புத்திமதி ஒன்றுண்டு. "நமக்கேன் வீண் வம்பு? வரவேண்டாம் என்று நினைக்கும் இடத்துக்கு நாம் போகாமல் விட்டாற் போயிற்று" என்பதே அது. இக்கருத்தை நான் முற்றாக நிராகரிக்கின்றேன். ஏரியின் நீர் எந்தத் தனியாருக்கும் உரியதன்று. மாகாணப் பூங்கா மாகாண மக்கள் அனைவருக்கும் உரியது. ஒன்ராறியோவின் பல ஏரிகளில் ஆரம்ப நில அளவையின்போதே கரையோரமாக 66 அடி அகல நிலம் பொதுவழிக்கென ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஊராட்சிகள் பல அந்நிலத்தை அடுத்த காணிக்காரருக்குச் சிறுகச் சிறுக விற்றுவிட்டன. ஆகவே, இன்று பொதுமக்களுக்கு எஞ்சியுள்ள கரையே குறைவு. எஞ்சியதையும் பயன்படுத்தாமல் ஒதுங்கினால், அது எவருக்கும் தேவையில்லை என்றே நாளை கணக்கெழுதப்படும்.

கரை மறுக்கப்படுவதன் வலி நமக்குப் புதியதன்று. 1990 இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்கள் தமது துறைமுகத்தில் மீண்டும் கால் வைக்க 2017 வரை, இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்தனர். கீரிமலைக் கேணிக்கும் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கும் போகும் வாய்ப்பின்றியே ஒரு தலைமுறையின் பெரும்பகுதி வளர்ந்தது. அந்த அனுபவமுடைய நாம் இன்னொரு நாட்டில் தானாகவே கரையை விட்டு விலகுவது விவேகம் ஆகாது.

அதே நேரம், இக்கரையின் மீது உரிமை பேசும் எவரும், நாம் உட்பட, ஒன்றை மறத்தலாகாது. ஏரியில் ஜோர்ஜினாத் தீவு உள்ளது. அங்கு வாழ்வோர் சிப்பெவா முதற்குடியினர். அவர்களுடனும் வேறு ஆறு முதற்குடிச் சமூகங்களுடனும் 1923 இல் செய்யப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் பெயரால், தமது ஒதுக்கு நிலத்துக்கு வெளியே வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் அவர்களுக்கிருந்த உரிமை பறிக்கப்பட்டது. 2018 இல்தான் கனடிய, ஒன்ராறியோ அரசுகள் அவ்வுரிமையை ஏற்று, 110 கோடி டொலருக்கும் அதிகமான இழப்பீட்டுக்கு உடன்பட்டு, மன்னிப்பும் கோரின. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே மீன்பிடித்தவர்கள் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் தமது சொந்த நீரிலேயே சட்டவிரோதிகளாக இருந்தனர். இந்த வரலாற்றின் முன்னால், முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் கரையில் வீடு வைத்திருப்பவர் நேற்று வந்தவரைப் பார்த்து "வெளியூரான்" என்று கூறுவது எவ்வளவு சிறிய பேச்சு!

குப்பை பற்றிய முறைப்பாட்டில் உண்மை இல்லையென்று நான் வாதிடப் போவதில்லை. ஒன்றுகூடல் முடிந்த பின்னர் மேசைகளின் கீழ் எஞ்சிக் கிடக்கும் காகிதத் தட்டுகளையும் போத்தல்களையும் எல்லோரும் பார்க்கிறோம். அதற்கு எந்தச் சமாதானமும் கூற முடியாது. ஆனால் ஏரியின் உண்மையான நோய் அதுவன்று. கழிவுநீரிலிருந்தும், விளைநிலங்களின் பசளையிலிருந்தும், நகர வீதிகளின் மழைநீரிலிருந்தும் வந்து சேரும் பொஸ்பரசே அந்நோய். அதனால் பாசி பெருகி, அது மடிந்து அழுகும்போது ஆழ்நீரிலுள்ள ஒட்சிசன் குறைகிறது. குளிர்ந்த ஆழ்நீரில் வாழும் ஏரி ட்ரவுட் மீன்கள் இதனால் பாதிக்கப்படுகின்றன. 2008 இல் சிம்கோ ஏரிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2009 இல் வெளியான திட்டத்தில் ஆண்டுக்கு 44 தொன் என்ற எல்லை இலக்காக வைக்கப்பட்டது. அந்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. இதிலே நமக்கும் பங்குண்டு. மார்க்கத்தைத் தாண்டி வடக்கே விரியும் புதிய குடியிருப்புகளில் வீடு வாங்குவோரில் நம்மவர் தொகை சிறிதன்று. வீட்டின் முன்னுள்ள புற்றரைக்குத் தூவும் பசளை எந்த நீரோடையைச் சென்றடைகிறது என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? ஏரியை நேசிப்பது கரையில் மட்டுமன்றி வீட்டு வாசலிலும் தொடங்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இறுதிக்கு வைத்துள்ளேன். அது உயிர் பற்றியது.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் நான் மிகவும் வெறுத்த செய்திகளுள் நீரில் மூழ்கிய மரணங்கள் அடங்கும். கோடைதோறும் ஒன்ராறியோவின் ஏரிகள் உயிர்களைப் பறிக்கின்றன. புதிதாகக் குடியேறியோரிடையே நீந்தத் தெரியாதவர்கள் அதிகம் என்பதைக் கனடிய உயிர்காப்புச் சங்கம் நீண்ட காலமாக எடுத்துக் கூறி வருகிறது. நாம் கடல் சூழ்ந்த தீவிலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்களே நம்மிற் பெரும்பாலோர். அதிலும் பெண்களுக்கு நீச்சல் கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே அரிதாகவே இருந்தது. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர் பணியில் இருப்பதில்லை என்பதையும் பலர் அறியார். மிதவைகளால் எல்லை காட்டப்பட்டிருப்பதைக் கண்டு, எவரோ காவல் நிற்கின்றனர் என்று நம்பிவிடுகின்றனர். காற்றடைத்த விளையாட்டு மிதவையில் அமரும் குழந்தையை, கரையிலிருந்து வீசும் காற்று சில நிமிடங்களில் ஆழத்துக்குக் கொண்டு சென்றுவிடும். மூழ்குபவர் பெரும்பாலும் கூக்குரலிடுவதில்லை. சத்தமின்றியே அமிழ்ந்து போகிறார்.

இதற்குப் பரிகாரம் எட்டாத தூரத்தில் இல்லை. உயிர்காப்புச் சங்கம் பாடசாலைச் சிறுவர்களுக்கென வகுத்த பயிற்சி மூன்றே விடயங்களைக் கோருகிறது: ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து மேலெழுதல், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதத்தல், 50 மீற்றர் தூரம் நீந்துதல். எதிர்பாராமல் நீரில் விழுந்தவர் உயிருடன் கரைசேர இவை பெரிதும் உதவும். நகர நீச்சல் தடாகங்களில் பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு. மாகாணப் பூங்காக்கள் பலவற்றில் உயிர்காப்பு அங்கிகளை இரவலாகப் பெறலாம்.

ஆகையால் நமது சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்றுகூடலுக்கெனச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, உங்கள் அங்கத்தவரின் பிள்ளைகளும் தாய்மாரும் நீச்சல் கற்பதற்கு ஒதுக்குங்கள். கயிறிழுத்தலுக்குப் பரிசு வழங்கும் மேடையில், அவ்வாண்டு நீந்தக் கற்றுக்கொண்ட அம்மாமாருக்கும் ஒரு பரிசு கொடுங்கள். நீர் விளையாட்டு உள்ள ஒன்றுகூடல்களில், நீந்தத் தெரிந்த இருவரைக் கரையில் முறைவைத்து நிறுத்துங்கள். அவர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது வேறு இருவர் நிற்கட்டும்.

வாகனமில்லாத முதியோரும் வீட்டுக்குள் முடங்கியிருக்கத் தேவையில்லை. 2012 இல் திறக்கப்பட்ட பரி நகரின் அலன்டேல் புகையிரத நிலையம் ஏரியின் மேற்குக் கரையிலேயே அமைந்துள்ளது. ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து கோ ரயிலில் ஏறினால், இறங்கும் இடத்திலிருந்து நடந்தே நீரை அடையலாம். சிபால்ட் பொயின்ற் போன்ற பூங்காக்களுக்கு வாகனத்தில் செல்வோர் அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்வது நன்று. பொதுநூலகங்கள் பலவும் பூங்கா அனுமதிச் சீட்டுகளை இரவல் தருகின்றன. தூண்டில் போட விரும்பும் 18 முதல் 64 வயது வரையானோர் உரிய அனுமதிப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சட்டப்படி அனைத்தையும் செய்தவர் எவர் முன்னாலும் தலைகுனியத் தேவையில்லை.

கோடை குறுகியது என்று தொடக்கத்திலேயே கூறினேன். பிள்ளைகள் வளர்ந்து தம்மோடு தனியாகப் போகத் தொடங்கும் வரையிலான கோடைகள் அதிலும் குறைவு. ஆகவே போங்கள். நீந்தக் கற்றுக்கொண்டு போங்கள். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அயலில் அமர்ந்திருக்கும் வேற்றினக் குடும்பத்துக்கு ஒரு தட்டில் கொத்துரொட்டியை நீட்டுங்கள். போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.